சும்மா நடக்கிறம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிறைவுக் கூட்டத்தில், ஞாயிறு நடைக் குழுவினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு எத்தனையோ பெரிய விடயங்கள் இருக்க, மாதத்தில் ஒரு ஞாயிறு நடக்கப் போகிற சில பெண்களை மேடைக்கு அழைத்திருக்கிறீர்கள். நன்றி. இந்த உரையை நாங்கள் ஆறு பேர் கூடியிருந்து எழுதினோம். வாசிப்பவர் ஒருவர், பேசுவது எல்லோரும்.

எங்கள் முதல் நடை கோப்பாய்ப் பக்கத்து ஒழுங்கைகளில். காலை ஐந்தரைக்குத் தொடங்கினோம். முதலாவது படலையில் நின்ற ஐயா கேட்டார்: "என்ன பிள்ளையள், பஸ் பழுதாப் போச்சோ?" அடுத்த சந்தியில் பால் வாங்கப் போன ஒருவர், "செத்தவீடு எந்தப் பக்கம்?" என்றார். மூன்றாவதாக முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஒரு ஆச்சி விளக்குமாறை நிறுத்திவிட்டு, "ஆருக்கும் நேர்த்தியோ பிள்ளை?" என்று கேட்டா.

"இல்லை ஆச்சி, சும்மா நடக்கிறம்" என்றோம்.

"சும்மாவோ?" என்று ஆச்சி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு, "சும்மா எண்டா அவசரமில்லைத்தானே, உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றா. அன்றைய நடை அந்த முற்றத்திலேயே முடிந்துபோனது.

ஆச்சியின் வியப்பில் நியாயம் உண்டு. எங்கள் ஊரில் பெண் ஒருத்தி வீதியில் நடந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். பள்ளிக்கூடம், கோயில், சந்தை, நல்லது கெட்டது என்று ஏதாவது ஒன்று. காரணம் இல்லாமல் நடப்பது ஆண்களுக்குரிய காரியம். அவர்கள் சந்தியில் நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இந்தச் சங்கம் தொடங்கிய காலத்தில் எங்கள் அம்மம்மாமாரிற் சிலர் திரை கட்டிய மாட்டுவண்டியிலே கல்லூரிக்கு வந்தார்கள் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அம்மாமார் கூட்டமாக நடந்து வந்தார்கள். நாங்கள் சைக்கிளில் வந்தோம். எரிபொருள் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் இல்லாத வீடே இல்லை. இன்று பிள்ளைகள் வானில் வருகிறார்கள். கண்ணாடிக்கு வெளியே வீதி ஓடுகிறது. அவர்கள் கால் அதில் படுவதில்லை.

நடைப் பயணம் என்றதும் மலைதான் எல்லோருக்கும் நினைவு வரும். எங்களிடம் மலை இல்லை. மலை என்று பெயர் உள்ள கீரிமலையிலும் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல் தட்டு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. மழை நீர் கல்லுக்குள் இறங்கிவிடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுகிறது. நீர் நிலத்துக்குக் கீழே, வெயில் நிலத்துக்கு மேலே என்ற இந்த ஊரில் நடப்பவனுக்கு என்ன தேவை என்பதை எங்கள் முன்னோர் நன்றாக யோசித்திருக்கிறார்கள். தங்க மடம், குடிக்கக் கேணி, சுமையை இறக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல். பருத்தித்துறையில் தும்பளை வீதியிலே தெருமூடிமடம் இருக்கிறது. வீதியே மடத்தின் நடுவால் போகிறது. இரண்டு பக்கமும் கற்றூண்கள், திண்ணைகள், தலைக்கு மேலே கூரை. நடந்து வருபவன் வழியை விட்டு விலகாமலே நிழலுக்குள் வந்துவிடுகிறான். இப்படியொரு ஏற்பாட்டை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

சுமைதாங்கி பற்றி ஒரு விடயம் சொல்லவேண்டும். இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லை வைத்தது அது. தலைச்சுமையோடு வருபவர் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கவும், திரும்பத் தூக்கவும் ஏற்ற உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதைக் கட்டும் வழக்கம் எங்கள் ஊர்களில் இருந்தது. இறக்கி வைக்காத சுமையோடு அவள் போய்விட்டாள். வழியில் போகிற மற்றவர்களின் சுமையாவது இறங்கட்டும் என்ற எண்ணம். பள்ளிக்கூடம் போகும்போது அதன்மேல் ஏறி இருந்து நெல்லிக்காய் தின்றிருக்கிறோம். அது ஒரு பெண்ணின் நினைவுக்கல் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் இரண்டாம் வருட நடையில், அகலமாக்கப்பட்ட ஒரு வீதியின் கரையில், பிடுங்கிப் போட்ட சுமைதாங்கிக் கற்கள் மூன்றைக் கண்டோம். மேலே குப்பை கொட்டியிருந்தது. காரில் போயிருந்தால் கண்டிருக்க மாட்டோம். அன்றுதான் இந்த நடைக்கு ஒரு வேலையும் இருக்கிறது என்று எங்களுக்கு விளங்கியது.

இனி, நாங்கள் நடந்த வழிகளில் சிலவற்றைச் சொல்கிறோம். விடுமுறைக்கு வருபவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, நகர நடை. கோட்டையில் தொடங்குங்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் கட்டியதை, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். கொத்தளத்தில் நின்றால் பண்ணைக் கடல் முழுவதும் தெரியும். அங்கிருந்து 1981 ஜூன் முதலாம் திகதி இரவோடிரவாக எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொது நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், பிறகு சோனகத்தெரு. பலர் இந்தத் தெருவை விட்டுவிட்டு நேரே நல்லூருக்குப் போவார்கள். நாங்கள் விடுவதில்லை. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் உத்தரவில், நகரத்து முஸ்லிம் மக்களுக்கு வீட்டை விட்டு வெளியேறக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். எங்களோடு ஒரே தெருவால் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அவர்கள். திரும்பி வந்த ஒரு சில குடும்பங்களின் வீடுகளும், கூரையில்லாத சுவர்களும் அடுத்தடுத்து நிற்பதை நடந்து பார்த்தால்தான் தெரியும். கடைசியில் நல்லூர். சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரிமனை, ப வடிவில் வெட்டிய யமுனா ஏரி. எல்லாம் சேர்த்து ஐந்தாறு கிலோமீற்றர். ஆறுதலாக நடந்தால் மூன்று மணித்தியாலம்.

இரண்டாவது, வழுக்கையாற்று நடை. குடாநாட்டில் ஆறாக ஓடுவது இது ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். தெல்லிப்பளைப் பக்கம் தொடங்கி, குளம் குளமாக நிரப்பிக்கொண்டு, கந்தரோடை, சண்டிலிப்பாய் வயல்களால் வந்து அராலியில் கடல்நீரேரியோடு சேரும். நாங்கள் நடப்பது கந்தரோடையிலிருந்து. கந்தரோடையின் சிறு தூபிகளை 1917 அளவில் போல் பீரிஸ் ஆராய்ந்து எழுதினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வந்து அகழ்ந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தும் எங்களில் நாலு பேர் அதை முதல் தரம் பார்த்தது இந்த நடையில்தான். தை, மாசியில் போங்கள். வயல் வரம்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கலாம். ஆகவே கதை குறையும், அதுவும் நல்லதுதான்.

மூன்றாவது, வல்லிபுர நடை. வல்லிபுர ஆழ்வார் கோயிலிலிருந்து மணல் மேடுகளால் கற்கோவளக் கடல் வரை. புரட்டாதிப் பௌர்ணமியில் சுவாமி கடல் தீர்த்தத்துக்குப் போகிற வழி. 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேட்டில் இந்தக் குடாநாட்டுக்கு நாகதீவு என்ற பழைய பெயர் இருக்கிறது. அரை மணித்தியாலம் போதும் என்று நினைத்துப் புறப்பட்டோம். மணலுக்குள் ஒரு மணித்தியாலம் பிடித்தது. தாழையும் இராவணன் மீசையும் காலைக் கீறும், நீளமாக உடுத்திக்கொள்ளுங்கள். இயலுமானவர்கள் இன்னொரு நாள் கரையோரமாக மணற்காடு வரை போகலாம். அங்கே பழைய அந்தோனியார் கோவிலின் இடிந்த சுவர்கள் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கின்றன. சவுக்கங் காட்டின் காற்றோசைக்கு நடுவில், 2004 மார்கழி 26இல் கடல் கொண்டுபோனவர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. அங்கே சத்தம் போட வேண்டாம்.

நான்காவது, நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், காட்டுக் குதிரைகள், பெருக்கமரம், போர்த்துக்கேயர் விட்டுப்போன கோட்டையின் மிச்சம். நிழல் குறைவு. முதல் படகில் போய்க் கடைசிப் படகு எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு நடக்கவேண்டும்.

எல்லா நடைக்கும் பொதுவான சில குறிப்புகள். விடியப்புறம் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், குடை அல்லது தொப்பி, மூடிய சப்பாத்து. பசிக்குப் புழுக்கொடியலும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் போதும். நாலு பேருக்குக் குறையாமல் போங்கள். மலசலகூடம் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைப்பது பெண்களுக்கு மிக முக்கியம். நாங்கள் ஒவ்வொரு வழியையும் ஒரு கோயிலோ தேவாலயமோ பாடசாலையோ இடையில் வருமாறுதான் அமைத்திருக்கிறோம். கார்த்திகையிலிருந்து பங்குனி வரை செம்மணி வெளியிலும் அராலியிலும் வெளிநாட்டுப் பறவைகள் வந்திருக்கும், சில வேளை பூநாரைகளும் நிற்கும். தெரியாத பற்றைக்குள், பழைய முன்னரங்கப் பகுதிகளில், பாதையை விட்டு இறங்கவே கூடாது. முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் பணி நீண்ட காலம் நடந்துவந்தது. அந்தப் பணியைச் செய்தவர்களில் பலர் எங்கள் மாவட்டங்களின் பெண்கள். வெயிலில் முழங்காலில் இருந்து, சாண் சாணாக நிலத்தைச் சோதித்து, மற்றவர்கள் கால் வைக்கத்தக்க நிலமாக்கித் தந்தவர்கள். அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறோம்.

ஐந்தாவது வழியைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

2019இல் ரொறன்ரோவிலிருந்து வந்த எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, "செம்மணியாலை நாவற்குழி வரைக்கும் நடக்கவேணும்" என்று கேட்டாள். நாங்கள் அதுவரை அந்த வழியைத் தெரிவு செய்யவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி பின்னேரம் வலிகாமத்தை விட்டு வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் அந்த வீதியிலும் கோப்பாய்–கைதடி வீதியிலும் இறங்கியது. மழை. ஒரு அடி வைத்து அடுத்த அடிக்குக் காத்து நிற்கவேண்டும். எங்கள் தோழி அப்பம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனவள். அப்பம்மா தென்மராட்சியில் அடுத்த மாதம் இறந்துபோனா.

அதே வீதியில் அடுத்த வருடம், 1996 செப்ரெம்பர் 7ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய ஒரு மாணவி செம்மணிக் காவலரணில் இராணுவத்தினரால் மறிக்கப்பட்டாள். அவள் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. அவள் பெயரை இந்த மண்டபத்தில் சொல்லத் தேவையில்லை. எங்கள் வயதுப் பெண்கள் எல்லோருடைய அம்மாமாரும் அன்றிலிருந்து படலையில் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். எங்கள் பிள்ளைகள் வானில் போவதற்குக் காரணம் சோம்பல் என்று நாங்கள் நினைக்கவில்லை. அந்தப் பயம் இன்னும் வீடுகளில் இருக்கிறது.

ஆறு பேரும் போனோம். விடியும்போது செம்மணி வெளி அமைதியாக இருந்தது. கொக்குகள் நின்றன. நடுவழியில் தோழி நின்றுவிட்டாள். நாங்களும் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள்: "அண்டைக்கு இது முடியாத வெளி மாதிரி இருந்தது. இவ்வளவு சின்ன இடமோ இது?" பிறகு நாவற்குழிப் பாலத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடல்நீரேரியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அழவில்லை. திரும்பும்போது, "அப்பம்மாவை இப்பதான் இறக்கி வைச்சன்" என்றாள்.

நாங்கள் சுமைதாங்கியை நினைத்தோம். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்பானவர்களே, இந்தக் குடாநாட்டில் நாங்கள் நடந்த பெரிய நடைகள் எல்லாம் மற்றவர்களின் உத்தரவில் நடந்தவை. "நட" என்றார்கள், நடந்தோம். சில இடங்களில் "நடவாதே" என்றார்கள், நின்றோம். 2025 சித்திரையில் வசாவிளான்–பலாலி வீதி முப்பது வருடத்துக்கு மேற்பட்ட காலத்தின் பின் திறக்கப்பட்டது. எல்லோரும் மகிழ்ந்தோம். திறக்கும்போது வைத்த நிபந்தனைகளில் ஒன்று, அந்த வீதியால் நடந்து போகக்கூடாது என்பது. வாகனத்தில் நிற்காமல் போகலாம் என்றார்கள். சொந்த ஊர் வீதியில் கால் வைக்க முடியவில்லை. வழி திரும்பக் கிடைப்பது என்றால், அதில் நடக்கவும் நிற்கவும் கிடைப்பதுதான். ஆகவே காரணம் இல்லாமல், உத்தரவு இல்லாமல், எங்கள் விருப்பத்தில் நடப்பதை நாங்கள் சின்ன விடயமாக எடுப்பதில்லை.

பெண்கள் நீண்ட வழி நடப்பது எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரையை நினையுங்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, பிறகு காடு. ஏறக்குறைய இரண்டு மாத நடை. யுத்தத்தில் வடக்கிலிருந்து தடைப்பட்டுத் திரும்பத் தொடங்கிய அந்த யாத்திரையில் எழுபது வயது அம்மாமாரும் போகிறார்கள். மலையகத்தில் இப்போது தேயிலைத் தோட்டங்களின் பழைய பாதைகளை இணைத்து, 22 கட்டங்களில் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பீக்கோ ட்ரெயில் அமைத்திருக்கிறார்கள். ஒன்ராறியோவில் இருக்கும் எங்கள் தோழிகள் புரூஸ் ட்ரெயிலில் பிள்ளைகளோடு நடக்கிறார்கள். நயாகராவிலிருந்து தொபமோரி வரை 900 கிலோமீற்றர். தொண்டர்கள் அடையாளம் இட்டுப் பராமரிப்பது. இங்கிலாந்தில் இருப்பவர்கள், விவசாயியின் வயல் நடுவாலும் ஊர்ப் பொதுப்பாதை சட்டப்படி போவதைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பாதைகளும் ஒரு காலத்தில் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் சனம் நடந்த வழிகள்தான். இங்கேயோ ஒழுங்கைகளின் கிடுகு வேலிகள் மதிலாகிவிட்டன. குச்சொழுங்கைகள் சில வளவுக்குள் போய்விட்டன. நடப்பவர் இல்லாத வழியைக் கேட்க ஆள் இல்லை.

ஆகையால் சங்கத்தின் நூற்றாண்டில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். காசு கேட்கவில்லை, பயப்பட வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: உங்கள் வீட்டுப் படலையிலிருந்து கல்லூரி வாசல் வரை நீங்கள் வந்த வழி. எந்த ஒழுங்கை, எந்த வேலி, எங்கே நாய், எங்கே நெல்லிமரம், எங்கே தண்ணீர் குடித்தீர்கள், எந்தச் சுமைதாங்கியில் ஏறி இருந்தீர்கள். இடம்பெயர்ந்து வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் அந்த வழியையும் எழுதுங்கள். வழி முழுவதும் நினைவில் இல்லாவிட்டால் நினைவில் உள்ள அளவை எழுதுங்கள். நாங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அதே வழியால் நடப்போம். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று குறித்து, படத்தோடு உங்களுக்குத் திருப்பி அனுப்புவோம். மெல்பேர்ணிலோ ஒஸ்லோவிலோ இருந்துகொண்டு உங்கள் மகளுக்கு அதைக் காட்டலாம். இப்போது கல்லூரியில் படிக்கும் மூத்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக அதிபர் அவர்கள் இணங்கியிருக்கிறார். பெற்றோர் கையெழுத்தோடும், எங்களோடும்தான். பயத்தை ஒரே நாளில் போக்க முடியாது. ஒரு ஞாயிறு ஒரு ஒழுங்கையாகக் குறைக்கலாம் என்று நம்புகிறோம்.

எங்கள் முதல் மூன்று நடைகளிலும் எங்களில் ஒருவரின் மகன் காவலுக்கு என்று மோட்டார் சைக்கிளில் நூறு யார் பின்னால் ஊர்ந்து வந்தான். நான்காம் மாதம் அவன் நித்திரையால் எழும்பவில்லை. ஒன்றும் நடக்கவில்லை, நாங்கள் நடந்தோம். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை.

பிடுங்கிக் கிடந்த அந்த மூன்று கற்களைப் பற்றியும் சொல்லி முடிக்கிறோம். ஊர்ப் பெரியவர்களோடு கதைத்து, வீதிக் கரையில் ஒரு கோயில் மதிலுக்குப் பக்கத்தில் அவற்றைத் திரும்ப நட்டிருக்கிறார்கள். யாருடைய நினைவாக முதலில் வைத்தது என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. கல்லில் பெயர் இல்லை. போன மாதம் அந்த வழியால் நடந்தபோது, சந்தைக்குப் போகிற ஒரு பெண் மரக்கறிப் பையை அதன்மேல் இறக்கி வைத்துவிட்டு நின்றா. எங்களைக் கண்டதும் கேட்டா: "எங்கை போறியள் பிள்ளையள்?"

சும்மா நடக்கிறம் என்றோம்.

"அப்ப பொறுங்கோ, நானும் சந்தியடி மட்டும் வாறன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்தா.

நீங்களும் வாருங்கள்.